கழிபொருளிற் கலை கண்டவர்

என் தந்தையார் புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். அவர் காலமான பின்னர், அவரது மேசை லாச்சியில் ஒரு பிஸ்கற் பேணி அகப்பட்டது. திறந்து பார்த்தேன். ஓரத்தில் துளையிடப்பட்ட தடித்த அட்டைச் சீட்டுகள், காசுக்கட்டளைப் பற்றுச்சீட்டுகள், முத்திரையோடு கிழித்தெடுத்த கடித உறை மூலைகள், மருந்துப் போத்தலிலிருந்து உரித்த மேலொட்டு இரண்டு ஆகியவை அதில் இருந்தன. இவற்றை அவர் ஏன் சேர்த்து வைத்தார் என்பதைச் சொல்ல எவருமில்லை. எறிந்துவிட மனம் ஒப்பவில்லை. வைத்துக் காப்பதற்கும் ஒரு வழி தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்திற் பல்லாண்டு சித்திரம் கற்பித்தவன் நான். ஆதலின், அத்துண்டுகளைக் கொண்டு ஓர் ஒட்டுச்சித்திரம் ஆக்கிவிடலாம் என்று துணிந்தேன். மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் தோற்றேன். முதலாவது, கல்யாண அழைப்பிதழ் போலப் பகட்டாக வந்தது. இரண்டாவது, முத்திரை சேர்ப்போர் வைத்திருக்கும் ஏடு போல வரிசையாக அமைந்தது. மூன்றாவதை முடிக்கவே இல்லை. அந்த வேளையிலேதான், வகுப்பில் பெயரளவில் மட்டும் சொல்லிவந்த ஒரு கலைஞரின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படிக்கலானேன். குர்ட் ஷ்விற்றர்ஸ் என்பது அவர் பெயர். தெருவிற் கிடந்த சீட்டுகளையும் உறைகளையும் ஆணிகளையும் கொண்டு கலை செய்தவர் அவர். அவருடைய படங்களைக் காட்டிலும் அவருடைய வாழ்வே என் பிழையை எனக்கு உணர்த்திற்று. அதனை இங்கே கூற விழைகிறேன்.

ஷ்விற்றர்ஸ் 1887 ஆம் ஆண்டு யூன் 20 ஆம் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்தார். பெற்றோர் வசதியுள்ள வணிகர். பின்னாளில் வீடுகளை வாடகைக்கு விட்டு அவ்வருவாயில் வாழ்ந்தனர். சிறுவனாக இருந்தபோது நாட்டுப்புறத்தில் அவருக்கென ஒரு சிறு தோட்டம் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் ஒருநாள் அதனை அவர் கண்முன்னே அழித்துவிட்டனர். அந்த அதிர்ச்சியிலேயே தமக்கு முதன்முதலில் வலிப்பு நோய் கண்டதாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தாம் ஆக்கியதைப் பிறர் அழிக்கக் காண்பது அவர் வாழ்வில் அத்தோட்டத்தோடு தொடங்கியது, அத்தோடு முடியவில்லை.

1909 முதல் ட்ரெஸ்டன் கலைக்கழகத்தில் முறைப்படி ஓவியம் பயின்றார். உருவப்படமும் இயற்கைக் காட்சியும் தீட்டும் பழைய மரபிலே நன்கு தேர்ந்தார். 1915 இல் ஹெல்மா ஃபிஷர் என்னும் மங்கையை மணந்தார். மறு ஆண்டு பிறந்த தலைமகன் கெர்ட், பிறந்து சில நாட்களிலேயே இறந்துபோனான். இரண்டாம் மகன் ஏர்ன்ஸ்ட் 1918 நவம்பரில், போர் ஓய்ந்த ஒரு கிழமைக்குள் பிறந்தான்.

முதல் உலகப் போரின்போது, நோய் காரணமாக அவர் போர்முனைக்குச் செல்லவில்லை. 1917 முதல் ஹனோவருக்கு அருகிலிருந்த ஓர் இரும்பாலையில் வரைபடம் தயாரிக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். சில்லுகளையும் பற்சக்கரங்களையும் நாள்தோறும் அளந்து வரைந்த அப்பழக்கம் பின்னர் அவர் படைப்புகளில் வெளிப்பட்டது. போர் முடிந்தது, பேரரசு வீழ்ந்தது. எல்லாம் உடைந்துபோன அந்நேரத்தில், உடைந்த துண்டுகளிலிருந்துதான் புதியதை ஆக்கவேண்டும் என்று தமக்குத் தோன்றியதாக அவர் பின்பு நினைவுகூர்ந்தார். தெருவில் எறியப்பட்டவற்றைப் பொறுக்கத் தொடங்கினார். ட்ராம் வண்டிச் சீட்டு, மிட்டாய் சுற்றிய தாள், செய்தித்தாட் கிழிசல், துணி, கம்பிவலை, ஆணி, குழந்தை வண்டியின் சில்லு என எதனையும் அவர் ஒதுக்கவில்லை.

படத்திற் காகிதம் ஒட்டும் வழக்கத்தைத் தொடக்கியவர் அவர் அல்லர். 1912 ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரிற் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்ச்சீலைத் துண்டொன்றைத் தம் படத்தில் ஒட்டினார். அவருடைய நண்பர் பிறாக், மரத்தின் வரியோட்டம் அச்சிட்ட சுவர்த்தாளை ஒட்டினார். ஆயினும் அவ்விருவரிடத்தும் ஒட்டப்பட்ட துண்டு பெரும்பாலும் நாற்காலியையோ கித்தாரையோ மேசையையோ குறித்து நின்றது. ஷ்விற்றர்ஸிடம் அது எதனையும் குறிக்கவேண்டியதில்லை. சிவப்புச் சீட்டு சிவப்பாக நின்றாற் போதும். துருப்பிடித்த கம்பி, படத்திற்கு ஒரு கோடாக அமைந்தாற் போதும். எண்ணெய் வண்ணத்திற்கு உள்ள உரிமையெல்லாம் குப்பைக்கும் உண்டு என்பதே அவர் கொள்கை.

இம்முயற்சிக்கு அவர் இட்ட பெயரும் ஒரு கிழிசலே. வாணிகம் என்னும் பொருளுடைய கொம்மேர்ஸ் என்ற ஜேர்மன் சொல், வங்கி விளம்பரமொன்றிற் காணப்பட்டது. அதனை வெட்டி ஒட்டியபோது மேர்ஸ் என்னும் ஈற்றுப்பகுதி மட்டும் படத்தில் எஞ்சியது. அகராதியில் இல்லாத அந்த அரைச்சொல்லையே தம் கலை முழுவதற்கும் பெயராக்கிக்கொண்டார். 1919 இல் பேர்லினிலிருந்த ஸ்டுர்ம் கலைக்கூடத்தில் மேர்ஸ் படங்கள் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவ்வாண்டு அவர் ஆக்கிய பெரிய பொருட்கோவை ஒன்று இப்போது லொஸ் ஏஞ்சலிஸ் நகர அரும்பொருளகத்தில் உள்ளது. உடைந்த சில்லுகளும் புனல் ஒன்றும் மரத்துண்டுகளும் அதில் ஆணியால் அறையப்பட்டுள்ளன. அவற்றினிடையே அவர் மனைவியின் முகம் பக்கவாட்டிற் சாய்ந்து கிடக்கிறது.

அவர் படம் செய்த முறையைக் கண்டோர் விவரித்திருக்கின்றனர். கோதுமைமாவை நீரிற் கரைத்த பசையைத் தாளின் மேல் தாராளமாகப் பூசுவார். அந்த ஈரத்தில் துண்டுகளை இட்டு, விரல் நுனியால் அங்குமிங்கும் நகர்த்துவார். ஒன்றை எடுப்பார், வேறொன்றை வைப்பார். பசை உலருமுன் துண்டுகள் தம்முள் இணங்கிவிடவேண்டும். பின்னர் ஈரத்துணியால் மிகுந்த பசையைத் துடைத்தெடுப்பார். இவ்வாறு பிறந்த படங்களுட் பல, உள்ளங்கை அளவினவே. கைபோன போக்கில் ஒட்டியவை போலத் தோன்றும் அவற்றில், ஒரு துண்டை நகர்த்தினாலும் முழுப்படமும் குலைந்துவிடும். மரபோவியத்திற் பெற்ற பயிற்சியே அந்த நிறைகோலை அவர் கையிற் கொடுத்தது. மாணவர்கள் இதனை மறத்தலாகாது. வரையத் தெரியாதவர்க்கு ஒட்டுதல் எளிது என்று எண்ணுவோர், அவர் தம் வாழ்நாள் இறுதிவரை உருவப்படமும் இயற்கைக் காட்சியும் வரைந்துவந்தமையை எண்ணிப்பார்த்தல் நன்று.

அக்காலத்திற் பேர்லினில் டாடா என்னும் கலகக் கலைஞர் குழு பெயர்பெற்றிருந்தது. அக்குழுவின் முன்னணியில் நின்றோர் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்கவில்லை. சொந்த வீட்டில், மனைவி மக்களோடும் பெற்றோரோடும் நகரவாசியாக வாழ்ந்த ஒருவரைப் புரட்சிக்காரர் என்று கொள்ள அவர்களால் இயலவில்லை. ஆயினும் ஹான்ஸ் ஆர்ப், ஹன்னா ஹோஹ், ராவுல் ஹவுஸ்மன் முதலியோர் அவருக்கு உற்ற நண்பராயினர். 1919 இல் வெளிவந்த அன்னா புளூமே என்னும் அவரது கவிதை ஒரே நேரத்திற் புகழையும் ஏளனத்தையும் அவருக்கு ஈட்டித்தந்தது. 1923 முதல் மேர்ஸ் என்னும் பெயரிலேயே ஓர் இதழ் நடத்தினார். சொற்களின்றி ஒலிகளை மட்டுமே கொண்ட நெடிய இசைப்பாட்டொன்றைப் பத்தாண்டு காலம் செப்பனிட்டார். வயிற்றுப்பாட்டிற்கு விளம்பர வடிவமைப்பையும் அச்செழுத்துக் கலையையும் மேற்கொண்டார். 1929 முதற் சில ஆண்டுகள் ஹனோவர் நகரசபையின் அச்சுத்தாள்களுக்கு வடிவம் அமைத்துக்கொடுத்தார்.

இத்தனை பணிகளுக்கிடையே அவர் தம் உயிரையே வைத்து எழுப்பிய படைப்பொன்று உண்டு. வால்ட்ஹவுசன் வீதி 5 ஆம் இலக்க வீட்டிலிருந்த தம் பணியறையில், 1923 ஆம் ஆண்டளவில் ஒரு தூணை எழுப்பத் தொடங்கினார். அத்தூண் வளர்ந்து சுவரைத் தொட்டது. சுவரிலிருந்து கூரைக்குப் படர்ந்தது. ஓர் அறை நிறைந்ததும் அடுத்த அறைக்குள் நுழைந்தது. மரத்தாலும் சாந்தாலும் ஆன கோணங்களும் வளைவுகளும் கூடி, உள்ளே நுழைந்து நடக்கத்தக்க ஒரு சிற்பமாக அவ்வீட்டின் பகுதி மாறிற்று. மேர்ஸ்பாவ், அதாவது மேர்ஸ் கட்டடம், என்பது அதன் பெயர்.

அதனுள்ளே சிறுசிறு குகைகள் இருந்தன. ஒவ்வொரு நண்பருக்கும் ஒவ்வொரு குகை. கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் வரைபலகையிலிருந்து எடுத்த பென்சில், திரைப்படக் கலைஞர் ஹான்ஸ் ரிக்டரின் தலைமயிர்க் கற்றை, இன்னொருவர் பாதி புகைத்த சிகரெட் ஆகியன அக்குகைகளில் வைக்கப்பட்டன. தூணொன்றின் உச்சியிலே, பிறந்த சில நாட்களில் இறந்த தலைமகனின் முகத்திலிருந்து வார்த்தெடுத்த சாந்து முகம் இருந்தது.

இதனைப் படித்தபோது, என் பிஸ்கற் பேணியை நினைத்துக்கொண்டேன். ஆனால் அதனை அடுத்துப் படித்த செய்தி என்னைத் திகைக்கவைத்தது. ஆண்டுகள் செல்லச்செல்ல, அவர் அக்குகைகளின் மேலேயே புதிய சுவர்களை எழுப்பினார். நண்பர் பொருட்கள் பல பலகைகளுக்கும் சாந்திற்கும் பின்னால் மறைந்தன. வந்து பார்த்தோர்க்கு அவை தெரியவில்லை. அன்புக்குரிய பொருளைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காட்டுவது அவர் நோக்கமன்று. அதன் மேல் அடுத்த சுவர் நிற்கவேண்டும்; அது அத்திவாரத்திற் கிடக்கும் கல்லாக வேண்டும். நான் செய்த பிழை இன்னதென்று அப்போதுதான் புலப்பட்டது. நான் ஒவ்வொரு சீட்டையும் தந்தையாரின் நினைவுச்சின்னமாக வைத்து, எல்லாம் தெரியும்படி ஒட்டியிருந்தேன். சீட்டு தன் பழைய உத்தியோகத்திலிருந்து இளைப்பாறவே இல்லை. ஆகவே படம் பிறக்கவில்லை.

1933 இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். நவீன கலை நாட்டிற்கு இழுக்கு என்று பழிக்கப்பட்டது. ஷ்விற்றர்ஸின் படங்கள் அரும்பொருளகங்களிலிருந்து அகற்றப்பட்டன. மகன் ஏர்ன்ஸ்ட் 1936 டிசம்பர் இறுதியில் நோர்வேக்குப் புறப்பட்டான்; 1937 சனவரி 2 ஆம் திகதி தந்தையும் பின்தொடர்ந்தார். வீடுகளையும் முதிய பெற்றோரையும் பார்த்துக்கொள்ள ஹெல்மா ஹனோவரிலேயே தங்கினார். அவ்வாண்டு யூலையில் மியூனிக் நகரில், இழிகலைக் காட்சி என்ற பெயரில் நவீன ஓவியங்களை எள்ளி நகையாடும் கண்காட்சியொன்று திறக்கப்பட்டது. மேர்ஸ் என்னும் பெயர் எந்தப் படத்திலிருந்து பிறந்ததோ அந்தப் படமும் அங்கே, வேண்டுமென்றே கோணலாக மாட்டப்பட்டது. பின்னர் அது காணாமற்போயிற்று; இன்றுவரை கிடைக்கவில்லை.

நோர்வேயில் ஒஸ்லோவுக்கு அருகிலுள்ள லீசாக்கரில் அவர் இரண்டாவது மேர்ஸ் கட்டடத்தைத் தொடங்கினார். ஹெல்மா கோடைகாலத்தில் வந்து கண்டு செல்வார். 1939 யூன் மாதத்தில் ஒஸ்லோவில் நடந்த குடும்ப விழாவே அவ்விருவரின் இறுதிச் சந்திப்பாயிற்று. 1940 ஏப்ரலில் ஜேர்மன் படைகள் நோர்வேயினுட் புகுந்தன. தந்தையும் மகனும் மருமகளும் வடக்கு நோக்கி ஓடி, பனியுடைக்கும் கப்பலொன்றில் ஏறி, யூனிலே ஸ்கொட்லாந்தின் லீத் துறைமுகத்தை அடைந்தனர். தம் நாட்டிற் பகைவராகக் கருதப்பட்டவர், அங்கே பகைநாட்டவராகக் கருதப்பட்டார். தடுப்புமுகாம்கள் சிலவற்றிற்கு மாற்றப்பட்டு, யூலையில் மேன் தீவின் ஹட்சின்சன் முகாமிற் கொண்டுவந்து விடப்பட்டார்.

அம்முகாமில் எழுத்தாளரும் பேராசிரியரும் கலைஞரும் பலர் இருந்தனர். தீட்டத் துணியில்லை, ஆதலால், தரையில் ஒட்டியிருந்த லினோலியத்தைப் பெயர்த்தெடுத்து அதன்மேல் உருவப்படங்கள் தீட்டினார். சிற்பத்திற்குச் சாந்தில்லை, காலை உணவிலே எஞ்சிய கஞ்சியைச் சேர்த்து உருவம் செய்தார். அக்கஞ்சிச் சிற்பங்களிற் பூஞ்சணம் படர்ந்து பச்சை நிறமேறி நாற்றமெடுத்ததை உடனிருந்தோர் எழுதிவைத்திருக்கின்றனர். நகைப்புக்கு உரியதுதான், எனினும், கையில் அகப்பட்டது கஞ்சியாயினும் அதனாலேயே தொடங்குவேன் என்ற மனத்திண்மையை அதிலே காண்கிறேன். பதினாறு மாதத் தடுப்பிலே இருநூறுக்கு மேற்பட்ட படைப்புகளை அவர் ஆக்கினார்.

1941 நவம்பரில் விடுதலை பெற்று இலண்டன் சென்றார். ஆங்கிலேயப் பேருந்துச் சீட்டுகளும் மிட்டாய்த் தாள்களும் படங்களிற் குடியேறின. 1943 ஒக்டோபர் 8 ஆம் திகதி இரவு ஹனோவர் மீது நேசநாட்டு விமானங்கள் குண்டு பொழிந்தன. வால்ட்ஹவுசன் வீதி வீடு தரைமட்டமாயிற்று. தலைமகனின் முகமும் நண்பரின் பென்சிலும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பும் ஓரிரவில் அழிந்தன. மறு ஆண்டு ஒக்டோபரில் ஹெல்மா புற்றுநோயால் இறந்தார். அச்செய்தி டிசம்பரிலேதான் அவரை எட்டியது. அந்த டிசம்பரில் இலண்டனில் அவரது கண்காட்சியொன்று நடந்துகொண்டிருந்தது. கலைத் திறனாய்வாளர் ஹேர்பேட் ரீட் அதற்கு முன்னுரை எழுதியிருந்தார். படங்களோ சொற்பமாகவே விலைபோயின.

1945 யூனில், இலண்டனிற் பழக்கமான ஈடித் தோமஸ் என்னும் மாதோடு இங்கிலாந்தின் வடமேற்கே ஏரிகள் நிறைந்த மலைநாட்டிலுள்ள அம்பிள்சைட் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். ஊரவர்க்கும் உல்லாசப் பயணிகட்கும் படம் வரைந்து விற்று வாழ்ந்தார். உடல்நிலை தளர்ந்தது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்திருந்த நண்பி கேட்டே ஷ்டைனிட்ஸ் கடிதங்களோடு அனுப்பிய படக்கதைத் தாள்களை வெட்டி, 1947 இல் ஒரு சிறு ஒட்டுச்சித்திரம் செய்தார். பிற்காலத்திற் பொப் கலை என்று பெயர்பெற்ற நெறிக்கு முன்னோடி அது என்பர்.

அதே ஆண்டு யூன் 20 ஆம் திகதி, அவரது அறுபதாவது பிறந்தநாளன்று, நியூயோர்க் நவீன கலைக்கூடத்திலிருந்து ஆயிரம் டொலர் நன்கொடை பற்றிய கடிதம் வந்தது. அழிந்துபோன மேர்ஸ் கட்டடப் பணியைத் தொடர்வதற்கென எண்ணி வழங்கப்பட்ட பணம் அது. ஹனோவரில் மீட்க எதுவுமில்லை. நோர்வேக்குச் செல்ல உடலில் வலுவில்லை. அவர் மூன்றாவது கட்டடத்தைத் தொடங்கினார். எல்ற்றர்வோற்றர் என்னும் ஊரருகே, முன்னர் வெடிமருந்து ஆலை நடந்த நிலத்திலே, ஹரி பியர்ஸ் என்னும் தோட்டக் கலைஞர் வைத்திருந்த கற்கொட்டில் ஒன்று கிடைத்தது. ஈரம் கசியும் அக்கொட்டிலிற் குளிரையும் பொருட்படுத்தாது உழைத்தார். கற்சுவரில் கம்பும் கல்லும் வைத்துச் சாந்து பூசினார். பூவாளியின் வாய், சிறுபிள்ளையின் இறப்பர்ப் பந்து, பொன்முலாம் பூசிய படச்சட்டத்தின் துண்டு ஆகியவற்றை அதிலே பதித்தார். ஒரு சுவர் மட்டுமே உருப்பெற்றது.

1948 சனவரி 7 ஆம் திகதி, அவருக்குப் பிரித்தானியக் குடியுரிமை வழங்கப்பட்ட செய்தி வந்தது. மறுநாள், கெண்டல் நகர மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அம்பிள்சைட் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் நாட்டப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 1970 இல் அவரது உடல் எச்சம் ஹனோவருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நோர்வேயிலிருந்த இரண்டாவது கட்டடம் 1951 இல் தீக்கிரையாயிற்று. மூன்றாவதன் ஒற்றைச் சுவர் மட்டும் 1965 இல் பெயர்த்தெடுக்கப்பட்டு, நியூகாசில் நகரிலுள்ள ஹற்றன் கலைக்கூடத்தில் நிறுத்தப்பட்டது. இன்றும் அது அங்கே இருக்கிறது. ஹனோவரின் முதற் கட்டடத்தின் ஓர் அறை, பழைய ஒளிப்படங்களைக் கொண்டு 1980 களில் மீளச் செய்யப்பட்டு, அந்நகர அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் அதன் குகைகளுக்குள் மறைந்துகிடந்தவற்றை எவரால் மீளச் செய்ய இயலும்?

அவர் மும்முறை தொடங்கினார் என்பதைப் பலர் வியந்து கூறுவர். எனக்கு அதில் வியப்பைக் காட்டிலும் விளக்கமே தெரிகிறது. துண்டுகளைப் பொக்கிஷமாகப் பூட்டிவைத்தவர், பூட்டு உடைந்த அன்றே எல்லாவற்றையும் இழந்துவிடுவார். துண்டுகளைக் கட்டுமானப் பொருளாகக் கொண்டவர்க்கோ, அடுத்த ஊரின் தெருவிலும் சீட்டுகள் கிடக்கும். ஹெல்மாவை இழந்த துயர் அதனாற் குறைந்ததென்று நான் சொல்லமாட்டேன். கை மட்டும் ஓயவில்லை என்பதையே சொல்கிறேன்.

இவ்வரலாற்றைப் படித்து முடித்த பின்னர், தந்தையாரின் பேணியை மறுபடியும் திறந்தேன். கோதுமைமாவைக் கரைத்துக் கூழாக்கி அட்டையிற் பூசினேன். சீட்டுகளைத் தலைகீழாகவும் குறுக்காகவும் இட்டு, எது எந்த ஊர்ச் சீட்டு என்று வாசியாமல், நிறத்தையும் விளிம்பையும் மட்டும் பார்த்து நகர்த்தினேன். ஒரு பற்றுச்சீட்டின் பின்புறத்திலே தந்தையார் கையெழுத்தில் ஏதோ கூட்டிக் கழித்த கணக்கு இருந்தது. அதன்மேல் நெடுநேரம் கை தயங்கிற்று. ஈற்றில் அதனையும் ஒட்டி, அதன் பாதியைப் பழுப்புத் தாளொன்றினால் மூடினேன். பசை உலர்ந்ததும் ஈரத்துணியால் துடைத்தேன்.

படம் சிறிது; மண்ணிறமும் மங்கிய மஞ்சளும் ஓரத்தில் ஒரு நீலக் கீற்றுமாக இருக்கிறது. சிறந்த படைப்பென்று நான் கூறவில்லை. ஆனால் அது ஒரு படம். பார்ப்பவர் எவரும் அதில் என் தந்தையாரைக் காணமாட்டார். பேணியில் இன்னும் பாதிக்குமேல் மிச்சமிருக்கிறது.